துலுக்க நாச்சியார் எந்த சுல்தானின் மகள்?

கேள்வி — 14 ஜனவரி, காலை 9.10

எங்கள் பெங்களூர் பெல்லந்தூர் அபார்ட்மெண்ட் தமிழ்க் குழுவில் பொங்கல் வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு சண்டை. ஸ்ரீரங்கம் கோயிலில் அரங்கனின் நாச்சியாராக வைத்துக் கும்பிடும் முஸ்லிம் ராஜகுமாரி துலுக்க நாச்சியார், அலாவுதீன் கில்ஜியின் மகள் என்கிறார் ஒருவர். இல்லை, துக்ளக்கின் மகள் என்கிறார் இன்னொருவர். கர்நாடகத்து மேல்கோட்டைக்குப் போயிருந்தபோது அங்கே கேட்டால், இராமானுஜர் காலத்து டெல்லி பாதுஷாவின் மகள் என்றார்கள். மூன்றும் எப்படிச் சரியாகும்? சரித்திரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்திக் கதை வேண்டாம்.

14 ஜனவரி, இரவு 10.35

மூன்றும் சேர்ந்து சரியாகாது. தனித்தனியாகவும் ஒன்றுக்கும் சாட்சி கிடையாது.

கில்ஜி ஆண்டது 1296 முதல் 1316 வரை. அவர் தெற்கே இவ்வளவு தூரம் வந்தவரே அல்ல. வந்தது அவர் தளபதி மாலிக் காபூர், 1311-இல். பிறகு வந்த பெரிய படையெடுப்பு 1323. அப்போது டெல்லி அரியணையில் இருந்தவர் கியாசுதீன் துக்ளக். படைக்குத் தலைவர் அவர் மகன் உலுக் கான். பிற்பாடு முகமது பின் துக்ளக் என்று பெயரெடுத்தவர் இவர்தான். ஆக "துக்ளக்கின் மகள்" என்று எழுதியவரிடம் எந்தத் துக்ளக் என்று கேளுங்கள், குழு இன்னும் இரண்டு நாளுக்கு ஓடும்.

பக்திக் கதை வேண்டாம் என்றால் இந்த இழையை இங்கேயே மூடிவிடலாம். இந்த அம்மாள் விஷயத்தில் நம்மிடம் இருப்பதே கதைதான்.

15 ஜனவரி, காலை 7.20

மேல்கோட்டை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அங்கே சொல்வது இது: இராமானுஜர் சோழ நாட்டை விட்டு ஹொய்சள நாட்டுக்கு வருகிறார். திருநாராயணபுரத்தில், அதாவது மேல்கோட்டையில், மூலவர் கிடைத்துவிட்டார், உற்சவர் இல்லை. உற்சவர் டெல்லி அரண்மனையில் இருப்பதாகக் கனவு. டெல்லிக்கே போய்க் கேட்கிறார். அந்தப்புரத்தில் ராஜகுமாரியின் கையில் இருந்த விக்கிரகம், "என் செல்வப்பிள்ளாய்" என்று இவர் கூப்பிட்டதும் குதித்து மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிரிவு தாங்காமல் அவளும் பின்னாலேயே வந்து பெருமாள் திருவடியில் கலந்துவிடுகிறாள்.

மரபுப்படி இராமானுஜர் வாழ்ந்தது 1017 முதல் 1137 வரை. டெல்லியில் சுல்தான் ஆட்சி தொடங்குவது 1206. இராமானுஜர் காலத்தில் அங்கே ஆண்டவர்கள் தோமர் என்னும் ராஜபுத்திரர்கள். பாதுஷாவே இல்லாத ஊரில் பாதுஷாவின் மகளுக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியை மேல்கோட்டை வைரமுடி உற்சவத்துக்கு என்னை அழைத்துப்போன சக ஊழியரிடமே கேட்டேன். மண்டயம் ஐயங்கார், வீட்டில் பேசுவது ஒரு மாதிரித் தமிழ், வெளியே சுத்தக் கன்னடம். கூட்டத்தில் நசுங்கி முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அர்ச்சகர் செல்வப்பிள்ளைக்கு மேலே தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, அப்படியே கீழே இறக்கி, காலடியில் இருந்த சின்ன உருவத்தின் பக்கம் சுடரைச் சாய்த்தார். "பீபி நாச்சியார்" என்றார், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வது போல. நான் 1206 கணக்கை அவிழ்த்தேன். நண்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்த வருஷம் எதுக்குய்யா? வந்தாளா இல்லையா, அதோ இருக்கா பார்."

15 ஜனவரி, மதியம் 1.05

ரசியா சுல்தானாவாக இருக்குமோ என்று கேட்ட தம்பிக்கு: இருக்காது. அவர் 1236 முதல் 1240 வரை தானே அரியணையில் உட்கார்ந்து ஆண்டவர். பொம்மை வைத்து விளையாட நேரமிருந்திருக்காது.

17 ஜனவரி, இரவு 11.15

ஸ்ரீரங்கம் கதையை முழுதாகச் சொல்லச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்ரீரங்கம் கோயிலின் பழைய பதிவான கோயிலொழுகில் வருவதைச் சுருக்கித் தருகிறேன்.

படை உற்சவரைத் தூக்கிக்கொண்டு டெல்லிக்குப் போகிறது. கரம்பனூரில் ஒரு பெண். அரங்கனைச் சேவிக்காமல் சாப்பிடுவதில்லை என்று விரதம். அவள் படைக்குப் பின்னாலேயே நடந்து டெல்லி வரை போகிறாள். பின்சென்ற வல்லி என்றே பெயர் நின்றுவிட்டது. அங்கே சுல்தானின் மகள் சுரதானி, உற்சவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்கிறாள். அறுபது பேர் கிளம்புகிறார்கள். ஆடிப் பாடி சுல்தானை மகிழ்வித்து, பொன்னும் மணியும் வேண்டாம், எங்கள் பெருமாளைக் கொடு என்கிறார்கள். மகள் தூங்கும் நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். விழித்தவள் துடித்துப்போய்ப் படையோடு துரத்துகிறாள். துரத்தல் தெரிந்ததும் மூன்று பேர் மட்டும் உற்சவரோடு பிரிந்து திருப்பதி மலையில் ஒளிகிறார்கள். அவள் ஸ்ரீரங்கம் வந்து பார்த்தால் கோயில் சாத்தியிருக்கிறது, உள்ளே அவரும் இல்லை. அங்கேயே உயிரை விடுகிறாள்.

இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். மேல்கோட்டையில் அவளுக்குப் பெருமாள் கிடைத்துவிடுகிறார். ஸ்ரீரங்கத்தில் கிடைக்கவில்லை. எனக்கு ஸ்ரீரங்கத்துக் கதைதான் பெரிது. அதில் யாரையும் அரக்கியாக்காமல் இரண்டு பெண்களை எதிரெதிர்த் திசையில் நடக்கவிட்டிருக்கிறார்கள். ஒருத்தி தெற்கிலிருந்து டெல்லிக்கு, ஒருத்தி டெல்லியிலிருந்து தெற்குக்கு. இரண்டு பேரும் தேடிப் போனது ஒரே ஆளை.

அர்ஜுன மண்டபத்துப் பக்கம் அவளுக்குச் சந்நிதி. சிலை கிடையாது, சுவரில் சித்திரம். தினமும் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். பெருமாள் அவளுக்காகக் கைலி கட்டிக்கொள்வதும் உண்டு, திருமஞ்சன நேரத்தில். நான் போனபோது முன்னால் நின்ற பாட்டி பேத்தியை இடுப்பில் தூக்கி, "பார்த்தியா, சப்பாத்தி மாமி" என்று காட்டினார். குழந்தை கும்பிட்டது.

18 ஜனவரி, மாலை 6.40

"அப்படியானால் எல்லாம் கட்டுக்கதை, அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுக்கதைதான். ஆனால் யார் கட்டியது, எதற்கு இப்படிக் கட்டியது என்று பார்க்காமல் போனால் என்ன சுவாரசியம்?

ராஜஸ்தானில் ஜாலோர் என்று ஒரு கோட்டை. 1311-இல் கில்ஜி படையிடம் விழுந்தது. காபூர் தெற்கே சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டு. அந்த ஊர்க் கவி பத்மநாபர் 1455-இல் கான்ஹடதே பிரபந்தம் பாடினார். அதில் வருவதைக் கேளுங்கள். சோமநாதர் லிங்கத்தைப் படை டெல்லிக்குக் கொண்டுபோகிறது. ஜாலோர் மன்னன் கான்ஹடதே வழிமறித்து மீட்கிறான். சுல்தானின் மகள் பிரோஜா, மன்னனின் மகன் வீரமதே மேல் ஆசை வைக்கிறாள். துருக்கப் பெண் வேண்டாம் என்கிறான் அவன். கோட்டை விழுந்து அவன் செத்ததும் தலையை டெல்லிக்குக் கொண்டுவருகிறார்கள். அவள் எதிரே வந்ததும் வெட்டுண்ட தலை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவளே அதற்குக் கொள்ளி வைத்துவிட்டு யமுனையில் குதிக்கிறாள்.

தூக்கிப்போன சாமி, தோற்ற ஊர், ஆசைப்பட்ட சுல்தான் மகள், கடைசியில் அவள் சாவு. ஸ்ரீரங்கத்துக்கும் ஜாலோருக்கும் ஆயிரம் மைல். சரக்கு ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கம் டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர் அமீர் குஸ்ரோ. குஜராத்தின் வாகேலா மன்னன் கர்ணனின் மகள் தேவல் தேவி. படை அவளைப் பிடித்து டெல்லிக்குக் கொண்டுவந்தது. கில்ஜியின் மகன் கிஜிர் கானுக்கும் அவளுக்கும் நடந்த காதலைக் குஸ்ரோ பாரசீகத்தில் காவியமாகவே பாடிவிட்டார். அங்கே தோற்றவன் மகள் ஜெயித்தவன் மகனை விரும்புகிறாள்.

ஆக யார் எழுதினாலும் எதிராளி வீட்டுப் பெண்தான் மயங்குகிறாள். நம் வீட்டுப் பெண் மயங்கினாள் என்று ஒரு கவியும் பாடவில்லை. கோட்டையைப் பறிகொடுத்தவனுக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்: நீ ஊரைத்தான் எடுத்தாய், உன் மகள் மனசு எங்களிடம்.

18 ஜனவரி, இரவு 9.50

பத்மினியை யாரும் இங்கே இழுக்க வேண்டாம். சித்தூர் விழுந்தது 1303, ஜாயசி பத்மாவத் பாடியது 1540. அதற்குத் தனி இழை திறந்து அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

20 ஜனவரி, காலை 6.55

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அழகாகவே பொருந்துகிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஜாலோர்க் கதையில் வெறுப்பு கொதிக்கிறது; செத்த தலைகூட அவளைப் பார்க்க மறுக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அந்த வெறுப்பு எங்கே? 1323-இல் பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரம் வைஷ்ணவர் தலை போனது என்று சொல்லி அழும் அதே கோயிலொழுகு, அந்த சுல்தான் வகையறாவின் பெண்ணுக்கு உள்ளே இடம் கொடுக்கிறது. தோற்றவன் ஆறுதல் என்ற ஒரே சாவி இந்தப் பூட்டைத் திறக்காது.

இன்னொன்று. இந்த நூற்றாண்டில் தென்னாட்டோடு சம்பந்தப்பட்ட நிஜமான சுல்தான் மகள் ஒருத்தி உண்டு. ஹூர்நசப். 1335-இல் டெல்லியை உதறி மதுரையில் தனி சுல்தானாக உட்கார்ந்த ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் மகள். டெல்லியில் அவளைக் கட்டிக்கொண்டவர் ஊர் சுற்றி இபின் பதூதா. பக்தியுள்ளவள், இரவெல்லாம் தொழுகையில் இருப்பாள் என்று எழுதியிருக்கிறார். கணவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார். கல்லில் எழுதவோ காவியத்தில் பாடவோ அவளுக்கு யாரும் இல்லை.

23 ஜனவரி, இரவு 10.10

"ராஜகுமாரிகள் எல்லாம் அடுத்தவர் எழுத்தில்தான் வருவார்களா" என்று கேட்ட அம்மணிக்கு: கங்காதேவி இருக்கிறார். விஜயநகரக் குமார கம்பணனின் மனைவி. கணவர் மதுரை சுல்தானை வென்ற கதையை வடமொழியில் மதுரா விஜயம் என்று பாடினார். சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது, ஆங்காங்கே ஏடு போய்.

அதில் ஸ்ரீரங்கம் பாழாய்க் கிடந்ததற்கு ஒரு பாட்டு. அரங்கன் தூங்குகிறார், மேல்கட்டடத்துச் செங்கல் பெயர்ந்து பெயர்ந்து விழுகிறது, தூக்கம் கலையாதபடி ஆதிசேஷன் படத்தால் தடுத்துக்கொண்டிருக்கிறான். இதைப் பாட வீட்டுப் பெண்ணின் கண் வேண்டும். போர்க்களத்தைப் பாடுகிறவன் செங்கல்லைப் பார்க்கமாட்டான்.

சுல்தானின் மகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

26 ஜனவரி, மதியம் 3.30

லீவு நாள். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன். தேதி இல்லாத வவுச்சர் வந்தால் கிழித்துப் போடமாட்டோம். இதை வைத்து யாருக்கு மாசாமாசம் பணம் போகிறது என்று பார்ப்போம். பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் வவுச்சருக்குப் பின்னால் ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கிறது.

கோயிலொழுகை அப்படிப் படியுங்கள். அது சரித்திர நூல் என்று நினைத்துத் திறந்தால் எரிச்சல் வரும். ராஜாக்கள் முன்பின்னாக வருவார்கள். கோயிலில் யாருக்கு என்ன வேலை, யாருக்கு என்ன மரியாதை, அது ஏன் என்று எழுதிவைத்த பதிவு அது. உற்சவர் திரும்பி வந்த கதையையே எடுங்கள். கம்பணனின் அதிகாரி கோபணார்யன் 1371-இல் திரும்ப எழுந்தருளச் செய்தார் என்பதற்குக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது, சுலோகத்தோடு. இந்த அளவுக்குச் சரித்திரம். ஆனால் அதற்குள் உள்ளே வேறொரு உற்சவரை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. எது பழையவர் என்று சொல்ல ஆள் இல்லை, எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் கண் தெரியாத ஒரு வயதான வண்ணார், ஈரங்கொல்லி என்பார்கள், இருவருக்கும் திருமஞ்சனம் செய்து நனைந்த துணியைப் பிழிந்து வாயில் விட்டுப் பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும். ஈரவாடைத் தீர்த்தம் இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

ராஜா, மந்திரி, ஆசாரியர் யார் சாட்சியும் எடுபடாத இடத்தில் துணி வெளுத்தவர் நாக்கு சாட்சி. இது நடந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கதை இருக்கும் வரை அந்தக் குடும்பத்தின் இடத்தை ஒருவரும் அசைக்க முடியாது, அல்லவா?

மேல்கோட்டையிலும் இதே கணக்கு. செல்வப்பிள்ளையை டெல்லியிலிருந்து கொண்டுவரும் வழியில் கூட இருந்து காப்பாற்றியவர்கள் தலித் மக்கள் என்றும், இராமானுஜர் அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டார் என்றும் சொல்வார்கள். அதன் பேரில் ஆண்டுக்கு மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமை, வேறெங்கும் ஆலயப் பிரவேசப் பேச்சே எழாத காலத்திலேயே. டெல்லி, ராஜகுமாரி, 1206 எல்லாம் எடுத்துவிட்டால் அந்த மூன்று நாளும் போய்விடும். கதையை அவர்கள் ஏன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று புரிகிறது. உயிரைக் கொடுத்து மீட்டவனுக்கு மூன்று நாள், மிச்ச நாளெல்லாம் வாசலுக்கு வெளியே என்ற கணக்கைப் போட்டவர்கள் யார் என்றும் புரிகிறது.

நாச்சியாரின் ரொட்டியையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். மடைப்பள்ளியில் ஒருவர் தினம் மாவு பிசைகிறார். பிரோஜாவுக்குக் காவியம் கிடைத்தது, இவளுக்கு மாவு கிடைத்தது. எது அதிக நாள் தாங்கும் என்றால் நான் மாவு பக்கம்.

26 ஜனவரி, இரவு 8.15

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் சித்திரைப் பௌர்ணமி ராத்திரி திகளர்பேட்டைக்குப் போங்கள். தர்மராயர் கோயில் கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் திரும்பும். தர்மராயர், திரௌபதி எந்த நூற்றாண்டு ராஜா ராணி என்று அங்கே நின்று கேட்டுப் பாருங்கள். கரகத்தோடு காவல் வரும் வீரகுமாரர்கள் கையில் உருவிய கத்தி இருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

28 ஜனவரி, காலை 8.00

திப்பு வேண்டாம். மேல்கோட்டை என்று ஒருவர் எழுதியதும் திப்பு என்று பத்துப் பேர் எழுதுவது எனக்குத் தெரியும். வேண்டாம்.

9 பிப்ரவரி, இரவு 10.45

கிருமிகண்டச் சோழன் யார் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை, வேலை வந்துவிட்டது.

இராமானுஜரைத் துரத்தியதாகவும் அவர் சீடர் கூரத்தாழ்வான் கண் போகக் காரணமானதாகவும் வைஷ்ணவ நூல்கள் சொல்லும் சோழனுக்கு அவர்கள் சூட்டிய பெயர் அது. கல்வெட்டில் தேடினால் வராது. முதலாம் குலோத்துங்கன் என்பார்கள். அவர் 1070-இல் பட்டத்துக்கு வந்தவர், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்குக் கொடுத்த நிலத்தை உறுதிப்படுத்தியவர். மதவெறியனாகச் சித்திரிக்கக் கொஞ்சம் சிரமம். இரண்டாம் குலோத்துங்கன் என்றால், தில்லையில் கோவிந்தராசரைக் கடலில் எறிந்ததை ஒட்டக்கூத்தர் பெருமையாகவே பாடியிருக்கிறார், குற்றம் பொருந்தும். ஆனால் அவர் பட்டத்துக்கு வந்தது 1133. மரபுக் கணக்கில் அப்போது இராமானுஜருக்கு வயது நூற்றுப் பதினாறு. அந்த வயதில் மாறுவேடம் போட்டுக் காடு மலை தாண்டி ஓடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ராஜாக்களை ஒரு பெயரில் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

10 பிப்ரவரி, காலை 7.30

மதுரைக்காரர் சொன்னது உண்மை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் போவது துலுக்க நாச்சியார் வீட்டுக்குத்தான் என்பது சனங்களின் நம்பிக்கை. அங்கே இருப்பது பெருமாள் கோயில். ஆந்திரத்தில் அவளே பீபி நாஞ்சாரி. யுகாதிக்குக் கடப்பைப் பெருமாள் கோயிலுக்கு, எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுத்த இடம் என்று முஸ்லிம்கள் சீர் கொண்டுவருகிறார்கள். எந்த சுல்தானின் மகள் என்பதற்கு அவர்கள் விடை கொடுத்தாகிவிட்டது.

27 பிப்ரவரி, இரவு 11.20

மாசி மகம் வருவதால் இதையும் எழுதிவிடுகிறேன். டெல்லிக்குப் போய்த் திரும்பிய நிஜமான ராஜவம்சத்தார் யாருமே இல்லையா என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டிருந்தார்.

உண்டு. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளனின் மகன். 1311-இல் காபூர் துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டபோது வல்லாளர் பணிந்தார். மகன் டெல்லிக்குப் போனான். 1313-இல் திரும்பி வந்ததை ஷிமோகா பக்கத்துக் கல்வெட்டு ஒன்று குறிக்கிறது. வல்லாளர் அதற்கப்புறம் முப்பது வருஷம் தாக்குப்பிடித்தார். எண்பது வயதில் ஸ்ரீரங்கத்துக்கு எதிர்க்கரைக் கண்ணனூரில் மதுரை சுல்தான் கியாசுதீனிடம் சிக்கினார். அவரைக் கொன்று தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதுகிறார். அந்த சுல்தான் இபின் பதூதாவுக்குச் சகலை. மேலே சொன்ன ஹூர்நசப்பின் அக்காளோ தங்கையோ அந்த வீட்டு மருமகள்.

இப்போது திருவண்ணாமலைக்கு வாருங்கள். அங்கே வல்லாள மகாராஜா பிள்ளையில்லாதவர். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் அண்ணாமலையாரே குழந்தையாக வந்து மடியில் தவழ்ந்து மறைகிறார். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் வல்லாளனுக்குத் திதி கொடுப்பது அண்ணாமலையார். சாமி மகனாகப் போய்க் காரியம் செய்கிறார்.

டெல்லி வரை போய் உயிரோடு திரும்பிய மகன், தகப்பனுக்குப் பின் கொஞ்ச காலம் பட்டத்திலும் இருந்தவன், திருவண்ணாமலையில் பிறக்கவே இல்லை. அவன் இருந்தால் சாமிக்குத் திதி கொடுக்க வேலையில்லை.

அந்த 1313 கல்வெட்டு ரைஸ் பதிப்பித்த எபிக்ராபியா கர்னாடிகா ஷிமோகா தொகுதியில் இருக்கிறது. பழைய கன்னடம் வாசிக்கிறவர்கள் யாராவது எடுத்து, இளவரசனைப் பற்றிய வரியை அப்படியே இங்கே போடுங்கள். அந்தப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட என் கண்ணாடிக்குப் பவர் போதவில்லை.